பண்டிகைக்கு முந்தின நாள் களிமண்ணைத் தொடாதீர்கள்

வீட்டில் மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால், ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி தொடங்கித் தைப்பொங்கல் வரை மாதத்துக்கு ஒரு கைவேலை வாசலில் வந்து நிற்கும். பள்ளியிலிருந்து இரவு ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: நாளை அகல் விளக்கு அலங்கரித்துக் கொண்டுவர வேண்டும். இதில் நம்மைக் கவிழ்ப்பது காய்கிற நேரம்தான். மண், பசை, பெயின்ட், மாவு எல்லாமே ஈரத்தில் செய்து உலர்ந்தபின் நிற்கிற பொருட்கள். செய்கிற வேலை இருபது நிமிடம், காய்வது இரண்டு நாள், சிலசமயம் ஐந்தாறு நாள். யூடியூபில் களிமண் உருண்டையைக் காட்டுவார்கள், அடுத்த காட்சியில் பிள்ளையார் குடையோடு உட்கார்ந்திருப்பார். நடுவில் போன நாட்கள் எங்கேயும் வராது. அதை நம்பி முந்தின நாள் மாலை உட்கார்ந்தால் துதிக்கை விழும், பிள்ளை அழும், ராத்திரி பதினோரு மணிக்கு நமக்கும் அழுகை முட்டும், யார்மேல் என்று தெரியாத கோபம் பிள்ளைமேல் போய் விழும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

காசு போன கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 650 ரூபாய் கொடுத்து வாங்கிய கைவேலைப் பெட்டியில் இருந்தது 200 கிராம் மண், நாலு பெயின்ட் குப்பி, ஒரு தூரிகை, ஜிகினாத் தூள். 200 கிராமில் உள்ளங்கை உயரத்துக்குக்கூடப் பிள்ளையார் வராது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டு மூடாமல் அப்படியே வைத்தால் மீதி மண் கல்லாகிவிடும். அதே காசுக்கு ஒரு பருவம் முழுக்க ஓட்டலாம்: குயவரிடம் அல்லது சதுர்த்தி சமயத்தில் தெருமுனையில் அச்சுப் பிள்ளையார் போடுகிறவரிடம் ஐந்து கிலோ களிமண், ஒரு பாட்டில் வெள்ளை ஃபெவிகால், வெள்ளை உட்பட நாலைந்து நிற அக்ரிலிக் பெயின்ட், ஒரு பாக்கெட் ஐஸ் குச்சி, வண்ணக் காகிதம். தூரிகைகூட இந்த வயதுக்கு வேண்டாம், காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். பெயின்ட் சொட்டாது, மயிர் உதிராது, அழுக்கானால் தூக்கிப் போடலாம்.

களிமண் பிள்ளையாருக்குச் சதுர்த்திக்கு ஒரு வாரம் முன்னால் மண்ணில் கை வைக்க வேண்டும். மண் கட்டியாக இருந்தால் இரவு முழுக்க நீரில் ஊறட்டும், காலையில் மேலே நிற்கிற தண்ணீரை இறுத்துவிட்டு, கல்லையும் வேரையும் பொறுக்கி, ஒரு பழைய பருத்தித் துணியில் பரப்பி வையுங்கள். துணி ஈரத்தை இழுக்கும். பதம் பார்க்க, பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடித்தால் தண்ணீர் போதாது, விரலில் ஒட்டிக்கொண்டு பிரிந்து வராவிட்டால் தண்ணீர் அதிகம். குழைந்த மண்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கேட்டுக் கேட்டுத் தண்ணீர் தொட்டுக்கொள்வார்கள். ஆனால் எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறதோ அவ்வளவு சுருக்கம், அவ்வளவு விரிசல். களிமண் காயும்போது பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கக்கூடியது. அதனால் தண்ணீர்க் கிண்ணத்தை நம் பக்கம் வைத்துக்கொண்டு, பிள்ளை கையில் ஈரத் துணி ஒன்றை மட்டும் கொடுப்பது நல்லது. விரிசலுக்குப் பயந்தால், ஊறவைத்து மிக்ஸியில் அடித்துப் பிழிந்த செய்தித்தாள் கூழை நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சேர்த்துப் பிசையலாம். இந்தக் கலவையை அன்றே தீர்த்துவிட வேண்டும். ஈரமாக மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்து நாறும்.

உருவத்துக்கு அரைக் கிலோ போதும், பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் வரும். பீடத்துக்குத் தட்டையாக ஒரு வில்லை, வயிற்றுக்குச் சாத்துக்குடி அளவில் ஓர் உருண்டை, தலைக்கு எலுமிச்சை அளவில் ஒன்று, கை கால்களுக்கு விரல் கனத்தில் நாலு உருளை, துதிக்கைக்கு ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளை ஒன்று, காதுக்கு இரண்டு வில்லைகள். மூன்று வயதுக் குழந்தை உருண்டையும் வில்லையும் செய்யும், ஐந்து வயது உருளை செய்யும். ஒட்டுகிற வேலை நம்முடையது. விழுவதெல்லாம் ஒட்டில்தான். வழவழப்பான இரண்டு பரப்பை அழுத்தி வைத்தால் அன்றைக்கு நிற்கும், காய்ந்ததும் கழன்று விழும். இரண்டு பக்கத்தையும் பல் குத்தும் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோசை மாவுப் பதத்தில் கரைத்த மண் குழம்பைத் தடவி, அழுத்தி, சுற்று விளிம்பை விரலால் இழுத்து மூடிவிட வேண்டும். துதிக்கையைக் காற்றில் தொங்க விடாமல் வயிற்றின்மேல் படிய வைத்தால் இரண்டு இடத்தில் பிடிப்பு கிடைக்கும். நிற்கட்டும் என்று உள்ளே ஈர்க்குச்சி செருகுகிற பழக்கம் பலருக்கு உண்டு. மண் சுருங்கும், குச்சி சுருங்காது, கழுத்தைச் சுற்றி வட்டமாக வெடிக்கும். குடைக்காக முதுகுப் பக்கம் ஒரு துளை மட்டும் ஈரத்திலேயே போட்டு வையுங்கள். குடைக் குச்சியைவிடச் சற்றுப் பருமனான குச்சியால் குத்தி, திருகி, எடுத்துவிட வேண்டும். துளையும் சுருங்குமே, அதற்குத்தான் பருமன்.

மறுநாள் அழுத்தினால் குழியாத பதத்துக்கு வந்திருக்கும். அப்போது மெதுவாகச் சாய்த்து, பீடத்தின் அடியிலிருந்து ஸ்பூனால் உள்ளே சுரண்டி எடுங்கள். சுவர் இரண்டு சென்டிமீட்டர் கனம் நின்றால் போதும். திரண்டு கிடக்கும் நடுப்பகுதி காய்வதற்குள் காதும் விரலும் காய்ந்து இழுத்துக்கொள்வதால்தான் பாதி விரிசல் வருகிறது, குடைந்துவிட்டால் எல்லாம் ஏறத்தாழ ஒரே வேகத்தில் உலரும். காதின்மேல் முதல் இரண்டு நாள் ஈரத் துணித் துண்டு ஒன்றைப் போர்த்தினால் சுருளாது. வெயிலில் வைக்காதீர்கள், மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள். நிழலில், அடியில் செய்தித்தாள் விரித்து, தினம் ஒருமுறை தாளை மாற்றி வைத்தால் நாலிலிருந்து ஆறு நாளில் நிறம் வெளுத்து எடை குறைந்திருக்கும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதென்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது வழக்கம். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகு, குழந்தை கையில் அது நேராக விஷம். மேல்தோல் உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் என்பார்கள், ஆனால் மென்றாலோ துளை போட்ட மணியை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது என்றால் மிளகும் வேண்டாம், குச்சி முனையால் குத்திக் கரியைத் தொட்டு வைத்தாலே கண் திறந்துவிடும். இன்னொன்று எருக்கம் மாலை. எருக்கம் பால் கண்ணில் பட்டால் எரிச்சல், வீக்கம், கருவிழியே பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கும் அளவுக்குப் போகும். முதலில் வலிகூடத் தெரியாது என்பதால் பலர் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். பூவைப் பெரியவர்கள் பறித்து, பால் வடிந்து நிற்கும்வரை வைத்திருந்து, கழுவி, கோர்த்துவிட வேண்டும். பிள்ளைக்கு அருகம்புல்லைக் கட்டுகிற வேலையைக் கொடுங்கள். பால் பட்டுவிட்டால் ஓடும் நீரில் கண்ணை நன்றாகக் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம்தான்.

குடை எளிது. இருபது சென்டிமீட்டர் விட்டத்தில் வண்ணக் காகித வட்டம் வெட்டி, விளிம்பிலிருந்து மையம் வரை ஒரு கோடு கத்தரித்து, கால் வட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இழுத்து ஒட்டினால் கூம்பாக எழும். மையத்தில் ஈர்க்குச்சி நுழைத்து, மேலும் கீழும் பட்டாணி அளவு களிமண் அப்பினால் வழுக்காது. கிரேப் காகிதம் மட்டும் வேண்டாம், வியர்த்த கையில் சாயம் இறங்கிப் பிள்ளையார் தலைக்கும் வந்துவிடும். குப்பியைப் பிழிந்து நேராகப் பசை போடும் பிள்ளை அரைக் குப்பியைக் காலி பண்ணும், காகிதம் ஊறிச் சுருங்கும். ஒரு மூடியில் துளி ஊற்றிப் பஞ்சுக் குச்சியைக் கொடுங்கள். வீட்டிலேயே மைதாப் பசை காய்ச்சுவதானால் இரண்டு மேசைக்கரண்டி மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஒரு கப் தண்ணீருக்குச் சிறுதீயில் கண்ணாடிபோல் பளபளக்கும்வரை கிளறினால் சரி. கரப்பான் தின்னாமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பது போஸ்டர் ஒட்டுகிறவர்கள், புத்தகம் கட்டுகிறவர்கள் வழக்கம். அதுவும் விஷம், பிள்ளை விரல் படும் பசையில் கூடாது.

கரைப்பதற்கு வாளி போதும். சுடாத மண் முழுக்கக் காய்ந்திருந்தால்தான் வேகமாகக் கரையும், அரை ஈரமாக இருப்பது வாளியில் நாள் கணக்காக உட்கார்ந்திருக்கும். கரைசலைச் செடிக்கு ஊற்றுங்கள். சிங்கில் ஊற்றினால் பிளம்பருக்குக் கொடுக்கிற காசையும் மேலே சொன்ன 650-உடன் சேர்த்துக்கொள்ளலாம். பாரிஸ் சாந்துச் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சிலைகள் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, அதை வீட்டில் வார்த்துப் பார்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கெட்டியாகும்போது சூடேறுகிற பொருள், சின்னக் கைக்கு ஆகாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு மண்ணும் வேண்டாம், மஞ்சள் தூளில் பத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டு மஞ்சள் பிள்ளையார் பிடிக்கட்டும். சட்டை போகும், அவ்வளவுதான்.

நவராத்திரிக்குக் கொலுப் பூங்கா. ஓரங்குலம் ஆழமுள்ள தட்டில் அடியில் ஈரத் துணி, மேலே சல்லடையில் சலித்த மண், அதன்மேல் இரவு ஊறவைத்த கேழ்வரகு, கடுகு, வெந்தயம். கேழ்வரகு புல்தரைபோல் மெல்லியதாக வரும், வெந்தயம் உயரமாக மரம் மாதிரி நிற்கும், இரண்டையும் தனித்தனிப் பாத்தியில் தூவினால் வயலும் தோப்பும் கிடைக்கும். மகாளய அமாவாசைக்கு மூன்று நாலு நாள் முன் விதைத்தால் கொலு வைக்கும்போது பச்சை தெரியும், சரஸ்வதி பூஜை வரை தாங்கும். பத்து நாள் முன்னால் விதைத்தால் பாதியிலேயே சாய்ந்து மஞ்சளாகும். விதைத்த தட்டை அறை மூலையில் வைப்பதும் தவறு. முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பதால்தான் அது வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று எழும்புகிறது, அங்கே அதுதான் வேண்டும். பூங்காவுக்குக் குட்டையான பச்சை வேண்டும், சன்னலோரம் வையுங்கள். பிள்ளை கையில் சொம்பைக் கொடுக்காமல் தெளிக்கும் குப்பியைக் கொடுங்கள், நீர் தேங்கினால் விதை அழுகி கொலு முழுக்க வாடை அடிக்கும். கிறிஸ்துமஸ் குடிலுக்கும் இதே தட்டு, இதே கணக்கு.

கார்த்திகை அகலில் பெரும்பாலான வீடுகளில் வரிசை தலைகீழாகப் போகிறது. புது அகலுக்கு பெயின்ட் அடித்துவிட்டு, பிறகு எண்ணெய் குடிக்குமே என்று தண்ணீரில் ஊறப் போடுவார்கள். பெயின்ட் தோலாக உரியும். சரியான வரிசை இப்படி: நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, குமிழி வருவது நின்றதும் எடுத்து, இரண்டு நாள் காயவிட வேண்டும், மழைக்காலம் என்பதால் மூன்று நாளாகவும் ஆகலாம். அப்புறம் வெளிப்பக்கம் மட்டும் வெள்ளை அக்ரிலிக் ஒரு பூச்சு. இது இல்லாவிட்டால் செம்மண் நிறத்தை உறிஞ்சி எல்லாம் மங்கலாகத் தெரியும், பிள்ளை திரும்பத் திரும்ப பெயின்ட் அப்பிக்கொண்டே இருக்கும். அரை மணி கழித்துப் பஞ்சுக் குச்சியால் புள்ளிகள். உட்பக்கத்திலும் திரி வருகிற மூக்கிலும் பெயின்ட் படவே கூடாது, பொசுங்கி நாற்றமடிக்கும். போஸ்டர் கலர் வேண்டாம், ஈரக் கையால் தொட்டதும் அழிகிறது. ஜிகினாத் தூள், கண்ணாடிச் சில்லு, லேஸ் எதையும் விளிம்பில் ஒட்டக் கூடாது.

இவ்வளவு செய்தும் ஒரு சிக்கல் தீராது. அகல் நுண்துளை நிறைந்தது. அரை மணி எரிந்ததும் எண்ணெய் உள்ளிருந்து கசிந்து வெளிப் பூச்சில் திட்டுத் திட்டாகப் படியும், வெள்ளை பழுப்பாகும். ஊறவைத்தாலும் கசிவு நிற்காது. குழந்தை ஆசையாகச் செய்த விளக்கு அன்று இரவே கறை பிடித்து நிற்பதைப் பார்ப்பதில் எனக்கு ஏற்பட்ட வருத்தம் பிள்ளைக்கு ஏற்பட்டதைவிட அதிகம். அதனால் வண்ண அகலுக்குள் அலுமினியக் கிண்ணத்தோடு வரும் சின்ன மெழுகை வைத்துவிடுவதும், எண்ணெய் விளக்குகளுக்கு வெறும் மஞ்சள் குங்குமப் பொட்டு வைப்பதும்தான் சரி. பொட்டு வைக்கிற வேலையே மூன்று வயதுக்குப் பத்து நிமிடம் ஓடும். தீப்பொறி பறக்க மாவலி சுற்ற ஆசைப்படுகிற அப்பாக்கள் பனம்பூக் கரியைப் பொடித்துத் துணியில் முடிந்து பனைமட்டைக்குள் கட்டுவதைக் காட்டலாம். சுற்றும்போது பிள்ளைகள் திண்ணையில் இருக்கட்டும், பொறி ஐந்தாறு அடி தாராளமாகப் பறக்கும்.

டிசம்பரில் பள்ளி கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தொங்கும் பொம்மை கேட்கும், இணையம் உப்பு மாவைக் காட்டும்: இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, முக்கால் கப் தண்ணீர், பிசைந்து, தேய்த்து, வெட்டி, இரண்டு நாள் காற்றில் காயவிடவும். இது வறண்ட குளிர் ஊர்க்காரர்கள் எழுதிய கணக்கு. வடகிழக்குப் பருவமழையில் கடலோர ஊர்களில் அது காயாது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மூன்று நாள் காத்திருந்தாலும் நட்சத்திரம் பிசுபிசுவென்று தட்டில் ஒட்டிக்கிடக்கும், சிரமப்பட்டுக் காயவைத்தாலும் அடுத்த மழைநாளில் கொழகொழக்கும், கயிறு போட்ட துளை கிழிந்து கீழே விழும். ஓவன் இருந்தால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குமேல் போகாமல் தேய்த்து, 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் திருப்பிப் போட்டு உலர்த்தலாம். சூடு கூட்டினால் அப்பளம்போல் உப்பிவிடும். ஆறியபின் உடனே இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்த்து அக்ரிலிக் பூச வேண்டும், ஒரு பக்கம் விட்டால் அந்த வழியாக ஈரம் ஏறும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், அவ்வளவு உப்பு அதற்கு ஆபத்து.

ஓவன் இல்லாத வீட்டுக்கு வேறு மாவு இருக்கிறது. இரண்டு கப் ஆப்ப சோடா, ஒரு கப் சோள மாவு (கார்ன்ஃப்ளார்), ஒன்றே கால் கப் தண்ணீர். மூன்றையும் அடுப்பேற்றும் முன்பே கரைத்துக்கொண்டு, சிறுதீயில் விடாமல் கிளறினால் சில நிமிடம் ஒன்றும் ஆகாததுபோல் இருந்துவிட்டுச் சட்டென்று திரளும். பிசைந்த உருளைக்கிழங்குப் பதத்தில் இறக்கி, ஈரத்துணி மூடி ஆறவிட்டுப் பிசையுங்கள். ஒரு நிமிடம் கூடினாலும் பொரபொரத்துவிடும். உப்பு மாவைவிட வெள்ளையாக, வழவழப்பாக வரும், மழையிலும் அவ்வளவாக இளகாது. தோசைக்கல்லை இளஞ்சூடாக்கி அணைத்துவிட்டு, தாள் விரித்து அதன்மேல் அடுக்கி வைத்தால் ஒரு நாள் மிச்சமாகும். துளையை ஸ்ட்ராவால் ஈரத்திலேயே போட்டுவிடுங்கள், காய்ந்தபின் குடைந்தால் இரண்டாக உடையும்.

அவகாசமே இல்லை, நாளைக் காலையே வேண்டும் என்றால் ஐஸ் குச்சி நட்சத்திரம் ஒன்றுதான் கைகொடுக்கும். மும்மூன்று குச்சியில் இரண்டு முக்கோணம், ஒன்றைத் தலைகீழாக மற்றதன்மேல் வைத்துத் தொடுகிற ஆறு இடத்திலும் பசை. பசை பிடிக்கும்வரை துணிக் கிளிப் மாட்டி வையுங்கள். சாயம் போட்ட குச்சியை வாங்கிவிட்டால் பெயின்ட் வேலையும் இல்லை.

பொங்கலுக்குப் பானை வரைகிற பிள்ளைக்கு அடுப்பேறாத சின்னப் பானையைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். அடுப்பில் ஏறுகிற பானைக்குக் காவியும் மஞ்சளும்தான், அக்ரிலிக் பட்டால் பொங்கலில் பெயின்ட் வாசம் வரும். வாழ்த்து அட்டை செய்ய மஞ்சளே போதும். கால் கப் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கலக்கி, அடியில் தங்கும் மண்டியை விட்டு மேலோட்டமாகத் தொட்டு வெள்ளை அட்டையில் தடவிக் காயவிடுங்கள். அரைக் கிண்ணம் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துப் பஞ்சுக் குச்சியால் அதன்மேல் எழுதினால், எழுதிய இடம் செம்பழுப்பாக மாறும். நிறமே இல்லாத தண்ணீரால் கரும்பும் சூரியனும் வருவதைப் பார்த்தால் பிள்ளை பத்து அட்டை கேட்கும். ஆரத்திக்குக் கரைப்பதுபோல் சுண்ணாம்பு போட்டால் நிறம் இன்னும் நன்றாகச் சிவக்கும், ஆனால் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் வெந்துபோகும், சோடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெளுக்கிற நிறம். சுவரில் ஒட்டினால் சில நாளிலேயே மங்கத் தொடங்கும், ஆத்தாவுக்கும் தாத்தாவுக்கும் அனுப்புவதானால் உறைக்குள் போட்டு அனுப்புங்கள்.